கிணற்றுக்கு ஒரு மூச்சுக்குழாய்

நிலம் உள்வாங்கினால் ஏன் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால் முதலில் தங்கள் காலடியைப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு தாங்கள் வாங்கப்போகும் மனையைப் பற்றிக் கேட்பார்கள்.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பல வருஷம் இதைத்தான் செய்தேன். பூமிக்கடியில் கரியை வெட்டிக்கொண்டே போவார்கள். மேலே வயல் வைத்திருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. ஒருநாள் வரப்பு சரியும். பாய்ச்சின தண்ணீர் கடைசி வரை போகாமல் நடுவயலில் தேங்கும். வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு சாத்த வராது. அவர் மனு கொடுப்பார். சுரங்கத்துக்காரர்கள் மழை என்பார்கள், எலி வளை என்பார்கள், வீடு கட்டினவன் சரியில்லை என்பார்கள். நடுவில் நான் போய் நிற்பேன். அங்கே நான் கண்டது, புகார் கொடுப்பவர் காரணத்தைத் தப்பாகச் சொல்லலாம், பள்ளத்தைத் தப்பாகச் சொல்வதில்லை. சுரங்கத்தால் இறங்கின நிலத்தைப் பார்த்தாலே தெரியும். தாம்பாளம் மாதிரி அகலமாக இறங்கும், நடுவில்தான் ஆழம் அதிகம்.

மதுரைக்குத் திரும்பியபோது இந்த வேலைக்கு இனி அவசியம் இருக்காது என்று நினைத்தேன். இங்கே கரி இல்லை. ஆனால் கல் இருக்கிறது, கல்லை உடைக்க வெடி இருக்கிறது, வெடிக்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன. சிம்மக்கல்லில் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய் விரிசல் பார்க்கிற ஆளாகிவிட்டேன். எங்கள் தெருவில் சரக்கு லாரி போனால் என் அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஆடும். அதற்கு யாரிடம் மனு கொடுப்பது என்று இன்று வரை தெரியவில்லை.

நான் சொல்ல வந்த ஊர் டி. கல்லுப்பட்டி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கரிசல் காடு, இன்னொரு பக்கம் பாறைக் கரடு. கரட்டில் ஒரு கல்குவாரி. வெடி வைப்பதால் வீடுகளில் விரிசல் விழுகிறது, ஒரு வீட்டு வாசலில் நிலமே உள்ளே போகிறது என்று ஊரே சேர்ந்து மனு கொடுத்திருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, இந்த விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்கட்டும் என்று என்னை அழைத்துப் போனார். நல்ல மனிதர். கத்த மாட்டார், அவசரப்படவும் மாட்டார். அவரிடம் ஒரே ஒரு வாசகம் உண்டு. "கண்ணால பாத்ததத்தான் மேடம் எழுத முடியும்" என்பார். ஜீப்பில் போகும்போதே அதை என்னிடம் சொன்னவர், ஊரிலும் வாசலுக்கு வாசல் சொன்னார்.

வீடு வீடாகப் போனோம். சுவரெல்லாம் விரிசல். அதிகாரி விரலால் தடவிப் பார்த்து, "இது பூச்சு வெடிப்பா, வெடியால வந்த வெடிப்பான்னு எப்படிச் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. கரிசல் மண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், அதில் நிற்கிற வீடு வெடியே இல்லாமலும் வெடிக்கும். அன்றைக்குக் குவாரியும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொன்னதும் ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீங்க வாரீகன்னா அன்னைக்கு மட்டும் அவுகளுக்கு வெடிமருந்து தீந்துபோகும் சார்" என்றாள். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியாக அந்த வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். மனுவின் உயிரே அந்த வீட்டில்தான் இருந்தது. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது விவசாயம் பார்க்கிறார். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று எங்கள் எல்லாரையும் வாசலுக்குள் நகர்த்தினார். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அதிகாரி உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன், ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். எங்களுக்கு முன்னால், பிறை வடிவத்தில், முழங்கால் ஆழத்துக்கு மண் இறங்கியிருந்தது.

"கொட்டக் கொட்ட எறங்குதும்மா. எம்புட்டு மண்ணுதான் கொட்டுறது?" என்றார்.

நான் எழுந்து சுற்றி வந்தேன். கிராமத்து வாசலில் பள்ளம் என்றால் முதலில் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணே, இந்த எடத்துல முன்னாடி கெணறு எதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. எங்கப்பா காலத்துக் கெணறு. தண்ணி வத்திப்போச்சு. வீடு கட்டையிலேயே மூடியாச்சு."

சுற்றி நின்றவர்களும் ஆமாம், மூடியாச்சு, அது எப்பவோ மூடியாச்சு என்றார்கள். கிணறு மூடப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். பிறகு என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மண் போட்டுத் தூர்த்த கிணறு பின்னாளில் இறங்கினால் நடுவில்தான் குழியும். இங்கே நடுப்பகுதி மேடாக இருக்கிறது, ஓரம்தான் இறங்கியிருக்கிறது. ஆகவே காரணம் கிணறு இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு வந்து டீ குடித்தேன்.

டீ கொண்டுவந்தது அவருடைய மகள். திருமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற பெண். அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை வீடு கீழக்குயில்குடி என்றும் அவர் சொன்னார். "இங்கதாம்மா பந்தல். அதுக்குள்ள கிராவலக் கொட்டி மட்டம் பண்ணிரணும். வாரவுக பள்ளத்தப் பாத்துக்கிட்டா ஒக்காருவாக?" என்றார். நீங்களும் அவசியம் வரவேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பிறை என்னை எழுதவிடவில்லை. வெடி அதிர்வு ஊருக்கெல்லாம் பொது. அது ஒரே ஒரு வாசலைத் தேடி வந்து காம்பஸ் வைத்த மாதிரி வளைவு போட்டுவிட்டுப் போகாது. எனக்குப் புரியாத ஒன்றை அறிக்கையில் எழுதினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இன்னொரு தடவை அளந்துவிடுவோம் என்று, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தனியாக பஸ் ஏறினேன்.

நான் போனபோது வீட்டுக்காரர் இல்லை. கிராவல் எடுக்க டிராக்டரோடு போயிருந்தார். அவருடைய மனைவி வாசல் தெளித்து முடித்திருந்தார். அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் இவர் எனக்கு மதினி. வாசலுக்கு நடுவில், நாற்காலிகள் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நின்றது. முதல் தடவையே பார்த்திருந்தேன். செப்டிக் டேங்க் குழாய் என்று நினைத்து விட்டுவிட்டேன். மதினி அதன் தலையில் கவிழ்த்திருந்த சிரட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, குழாய்க்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தார்.

செப்டிக் டேங்குக்கு யாராவது குங்குமம் வைப்பார்களா?

"மதினி, இது எதுக்கு?"

"கெணத்துக்கு மூச்சுக் கொழாய்."

"கெணத்தத்தான் மூடியாச்சுன்னு அண்ணன் சொன்னாரே?"

"ஆமா, மூடித்தான இருக்கு. கல்லுப் பலகையப் போட்டு மூடி, மேல மண்ணப் பரப்பியிருக்கு. உள்ள மண்ணப் போட்டுத் தூத்தாக் குடும்பத்துக்கு ஆகாதுல்ல? அதுக்கு மூச்சு முட்டிரக் கூடாதுன்னு மேஸ்திரிதான் கொழாய் வைக்கச் சொன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். கிணற்றுக்கு மூச்சு முட்டுமாம். பாதிச் சிரிப்பில் கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் குழாயில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆழத்தில் 'டொளக்' என்றது.

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. மதினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெரு ஓரத்துக்கு வந்தேன். அவர் கையிலிருந்த குங்குமச் சிமிழ் கொட்டிப்போனது. அதற்காக அவர் என்னை முறைத்தார்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நானும் காது கேட்காதவள் இல்லை. குழியை மண்ணால் நிரப்பினாலும் மூடினோம் என்கிறோம், சட்டிக்கு மேல் தட்டை வைத்தாலும் மூடினோம் என்கிறோம். அவர்கள் சட்டியைச் சொன்னார்கள், நான் குழியைக் கேட்டுக்கொண்டேன். கல் பலகைக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, அது வழியாக மேல்மண் உள்ளே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம் இறங்கியது அதனால்தான். நடுப்பகுதி மேடாக இருந்ததற்குக் காரணம், அதன் கீழே கல் இருந்தது, கல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அங்கேதான் நாற்காலி போட்டு எங்களுக்கு டீ கொடுத்தார்கள்.

தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் அதற்கு முன்னால் நடந்து வந்தபடி, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி, அப்படியே உள்ள விடு" என்று கையாட்டிக்கொண்டிருந்தார். டிரெய்லர் நிறைய கிராவல். நான் வாசலை மறித்துக்கொண்டு கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும், அழகாக இருக்காது. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. டிராக்டர் நின்றது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிராக்டர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இத இப்ப வெளிய சொல்ல வேணாம்."

"பந்தல் போட்டு அத்தன பேர ஒக்கார வைக்கப் போறீங்க அண்ணே. அந்தக் கல்லு தாங்குமான்னு யாருக்குத் தெரியும்?"

"பந்தல வேற எடத்துக்கு மாத்திருவேன். ஆனா ஏன்னு கேப்பாகல்ல? என் வாசலக் காட்டித்தான ஊரே மனுக் குடுத்திருக்கு. இது கெணத்துப் பள்ளம்னு தெரிஞ்சா அம்புட்டுப் பேரு வீட்டு வெடிப்பும் பொய்யின்னு ஆயிரும். குவாரிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். ஊருக்குள்ள நான் எப்படித் தலைகாட்டுறது?"

அவர் சொன்னது உண்மை. அறிக்கையில் நான் கிணறு என்று எழுதியே ஆகவேண்டும். எழுதினால் மனு செத்துப்போகும், கொன்றவர் அவர் என்று ஆகும். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்ப் பாவமாக இருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு பிள்ளை அந்த இடத்தில் ஓடி விளையாடும் என்றேன்.

மகள் வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வெளியே வந்து, "அப்பா, அவுக வந்து கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிருவோம்" என்றாள். செல்போனை எடுத்து அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் பேசினாள். எங்க வீட்டு வாசலுக்கு அடியில கெணறு இருக்கு, பந்தல் அங்க வேணாம், சமுதாயக் கூடத்துல வச்சுக்குவோம் என்று, ஆதார் கார்டில் பிழை திருத்தச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் முகம் சிவந்து சிரித்தாள். "கெணத்தப் பாக்கணுமாம்" என்றாள்.

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. கீழக்குயில்குடிக்காரர்கள் வேனை விட்டு இறங்கினதும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். வாசலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. வீட்டுக்காரர் கயிற்றுக்கு வெளியே நின்று, "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ள போங்க என்றே காலம் முழுக்கச் சொன்ன மனிதர்.

அடுத்த வாரம் ஜேசிபியைத் தள்ளி நிறுத்திக் கல் பலகைகளை எடுத்தார்கள். ஒரு பலகை தூக்கும்போதே இரண்டாக உடைந்தது. கரட்டில் குவாரி ஆரம்பித்த புதிதில் அங்கிருந்தே வாங்கிவந்த பலகை என்று அவர் சொன்னார். உடைந்த இடத்தில் பாதி பழைய விரிசல், பாதி புதுசு. நாற்காலி போட்ட பக்கம் கிணற்றுச் சுவரே சரிந்து உள்ளே விழுந்திருந்தது. பிறகு வெளிச்சம் அடிவரை போனது. வற்றிப்போனதென்று மூடின கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடந்தது. எப்போது ஊறியதென்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் போனபிறகும் அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பயந்ததெல்லாம் நடந்தது. கிணத்துப் பள்ளத்தைக் காட்டியா குவாரிக்காரன் மேலே மனுக் கொடுத்தோம் என்று ஊரில் கேட்டார்கள். டீக்கடைக்குப் போனால் "வாங்க கெணத்துக்காரரே" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். குவாரி மேனேஜர் என்னை ரோட்டில் பார்த்தபோது வண்டியை நிறுத்தி, "நாங்க அப்பவே சொன்னோமே மேடம்" என்று சிரித்தார். அவர் எதுவும் அப்போது சொல்லவில்லை. அவரைப் பார்த்துக் கீச்சுக்குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். வாசலில் இறங்கியது கிணற்றால்தான் என்று நான் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மற்ற வீடுகளின் விரிசலைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அதை யார் படிக்கப்போகிறார்கள்?

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, அந்த சார் மனுவ முடிக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா கெணத்தப் பாக்கணும்னு சொன்னாராமே?"

"ஆமாண்ணே. வர்ற வாரம் வாராரு. நானும் வாரேன்."

"காலைல வேணாம். சாயங்காலமாக் கூட்டிட்டு வாங்க. வெயில் தாழ."

ஏன் என்று கேட்டேன். வெயில் என்று மறுபடியும் சொன்னார். எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. போன தடவை அவர் மறைத்தது ஒரு கிணறு என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

சாயங்காலம் போனோம். ஊரிலிருந்து யாரும் கூட வரவில்லை. கிணற்றைச் சுற்றிப் புதிதாகச் சுவர் எழுப்பியிருந்தார். நெஞ்சு உயரச் சுவர். அதிகாரி அதில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் கொஞ்சம் வானமும் எங்கள் மூன்று தலைகளும் தெரிந்தன.

"சரி, பாத்தாச்சு. கெளம்புவோமா மேடம்?" என்றார் அதிகாரி.

"காப்பி வருது சார். குடிச்சிட்டுப் போங்க" என்றார் வீட்டுக்காரர்.

காப்பி வர நேரமானது. மதினி மாட்டைக் கறந்துதான் போடுகிறார் போலிருந்தது. வந்தபிறகும் சூடு ஆறட்டும் என்றார். அதிகாரி டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு மழை பற்றிப் பேசினார். வீட்டுக்காரர் ஊம் கொட்டினாரே தவிர எதையும் கேட்கவில்லை. கரட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து வெடிக்கு முந்தின எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. மனு செத்துவிட்டது என்று குவாரியில் நினைத்துக்கொண்டார்கள். இனி யார் வந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. தினசரி சாயங்காலம் வைக்கிற வெடியை நிறுத்தவேண்டிய அவசியமும் இல்லை.

"சார், கொஞ்சம் உள்ள பாருங்க" என்றேன்.

சத்தம் வருவதற்கு முன்னால் தண்ணீருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தலைகள் மூன்றும் கலைந்தன. சுவரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வளையங்கள் கிளம்பி நடுவில் வந்து ஒன்றையொன்று மோதின. அதற்குப் பிறகுதான் 'தும்' என்று காதில் விழுந்தது. சுவர் மேலிருந்த டம்ளர் லேசாக ஆடியது. உள்ளே எங்கிருந்தோ ஒரு சின்னக் கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அந்த ஊரில் எத்தனையோ வருஷமாக எல்லாரும் காலடியில் உணர்ந்ததை, சொல்லிச் சொல்லி யாரும் நம்பாததை, நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி வெகுநேரம் நிமிரவில்லை. தண்ணீர் அடங்கி, மறுபடியும் எங்கள் முகங்கள் தெரியும் வரை குனிந்தே இருந்தார்.

வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள்ளேயே பார்த்தபடி, ரொம்பத் தணிவாகச் சொன்னார்.

"கண்ணால பாத்துட்டீகள்ல சார். எழுதுங்க."